நடுப்பக்கத்தைக் காணோம்

மதலைமுத்து சாருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பதில் தெரிந்த பிறகுதான் கேள்வியே கேட்பார். அது நன்றாகத் தெரிந்தும், ஒவ்வொரு முறையும் மாங்கு மாங்கென்று யோசித்துப் பதில் சொல்கிற கழுதை நான்தான்.

என் பெயர் சுனிதா. மர்பி டவுன்காரி. காக்ஸ் டவுனில் ஒரு கேக் கடைக்கு மேலே மாடிப்படி ஏறினால் எங்கள் துப்பறியும் ஏஜென்சி. பெரிதாக நினைத்துவிட வேண்டாம். சார் ஒருத்தர், நான் ஒருத்தி, அவ்வளவுதான். முப்பது வருஷம் கோர்ட் சம்மனை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்து ரிடையர் ஆனவர் சார். கதவு பூட்டியிருந்தாலும் உள்ளே ஆள் இருக்கிறதா இல்லையா என்று வாசலில் கிடக்கிற செருப்பைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

அந்தச் சனிக்கிழமை காலை எங்கள் எதிரில் உட்கார்ந்திருந்தவர் க்ளென். வயது முப்பத்தெட்டு. லிஃப்ட் ரிப்பேர் வேலை. மனைவி ஜூலியாவைப் பிரிந்து, அடுகோடியில் ஒரு லேத் பட்டறைக்குப் பின்னால் தனியாக வாடகைக்கு இருக்கிறார். பத்து வயதில் ஒரே பெண், ரோஷெல். அவள் அம்மாவிடம் இருக்கிறாள். க்ளெனுக்கு வாரத்தில் ஒரே நாள், ஞாயிற்றுக்கிழமை.

"செவ்வாய்க்கிழமை ஹியரிங் சார்," என்றார். "அதோட அந்த ஒரு நாளும் போயிடும் போல இருக்கு."

மேஜை மேல் ஒரு கத்தைக் காகிதத்தை வைத்தார். எட்டுப் பக்கம், இருபத்திரண்டு கண்டிஷன். பிள்ளையை யார் எப்போது பார்த்துக்கொள்வது என்று, ஃபேமிலி கோர்ட் மீடியேஷனில் உட்கார்ந்து இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம். பிள்ளைக்கு முடி வெட்டிவிடுவது யார் என்பது வரை எழுதியிருந்தார்கள். இவ்வளவு ஒத்துப்போகத் தெரிந்தவர்கள் எதற்குப் பிரிந்தார்கள் என்று கேட்க வாய் வந்தது. சார் முறைத்ததால் படிக்க ஆரம்பித்தேன்.

ஒன்பதாவது கண்டிஷன்படி, ஞாயிறு காலை சர்ச்சில் கேட்டகிசம் என்கிற மறைக்கல்வி கிளாஸ் பத்தரைக்கு விட்டதும், காம்பவுண்ட் கேட்டில் அம்மா பிள்ளையை அப்பாவிடம் ஒப்படைக்க வேண்டும். சாயங்காலம் ஆறுக்கு அப்பா அவளை அம்மா வீட்டில் கொண்டுவந்து விட வேண்டும். பத்தாவது கண்டிஷன், ஒப்படைக்கும்போதும் திரும்ப வாங்கும்போதும் ஒரு நோட்டில் நேரம் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றது. பன்னிரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது. அப்பாவும் அம்மாவும் பேசக்கூடாது, மெசேஜ் அனுப்பக்கூடாது. சொல்ல வேண்டியதை அந்த நோட்டிலேயே எழுத வேண்டும். நோட்டு பிள்ளையின் பையில் போகும், வரும்.

"பேசினா சண்டை வந்துடும்மா," என்றார் க்ளென் என்னிடம். "மெசேஜ் அனுப்பினா ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக் கோர்ட்ல குடுப்போம். அதான் நோட்டு. அந்தக் கையெழுத்து கண்டிஷன் நான் கேட்டு வாங்கினது. முன்னாடியெல்லாம் பத்தரைன்னு சொல்லிட்டுப் பன்னெண்டுக்குக் கூட்டிட்டு வருவா. இப்ப ஒரு நிமிஷம்கூட ஏமாத்த முடியாது."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கொஞ்சம் பெருமை இருந்தது.

கழுத்துக்குக் கத்தியாக நின்றது பதினாலாவது. மூன்று மாதத்துக்குள் நான்கு ஞாயிறு அப்பா காரணம் சொல்லாமல் வராமல் போனால், அவர் உரிமையை ரத்து செய்யச் சொல்லி அம்மா கோர்ட்டில் கேட்கலாம். அவர் சம்மதம் இல்லாமலே பிள்ளையை வெளிநாட்டுக்குக் கூட்டிப்போகவும் அனுமதி கேட்கலாம். ஜூலியாவுக்கு மஸ்கட்டில் டீச்சர் வேலை கிடைத்திருக்கிறது. க்ளென் நான்கு ஞாயிறு போகவில்லை.

"ஏன் போகல?" என்றார் சார்.

"வரவேண்டாம்னு அவ நோட்டுல எழுதியிருந்தா சார்."

போனை எடுத்து ஒரு போட்டோவைக் காட்டினார். ஜூன் இருபத்தொன்பதாம் தேதி எடுத்தது. கோடு போட்ட நோட்டுத் தாளில் இங்கிலீஷில் நாலே வரி. ஜூலை 6, 13, 27, ஆகஸ்ட் 3 ஆகிய ஞாயிறுகளில் ரோஷெலுக்குக் கீபோர்டு பரீட்சைக்கான ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறது, தயவுசெய்து வரவேண்டாம். கீழே ஜூலியா என்று கையெழுத்து. எழுத்து குண்டு குண்டாக, டீச்சர் எழுத்தாகவே இருந்தது.

"எதுவா இருந்தாலும் போட்டோ எடுத்து வைங்கன்னு என் வக்கீல் ராஜலக்ஷ்மி மேடம் சொல்லியிருந்தாங்க. எடுத்தேன். இப்ப நோட்டுல அந்தப் பக்கமே இல்ல. நான் எழுதவே இல்லைங்கறா ஜூலியா. நானே எழுதி நானே போட்டோ எடுத்துக்கிட்டேன்னு அவ வக்கீல் சொல்றார். அவதான் எழுதினான்னு நீங்க நிரூபிக்கணும் சார்."

"நோட்டு எங்க இருக்கு?"

"கோர்ட்ல குடுத்துட்டா. மேடம் போய்ப் பார்த்தாங்க. எங்க கையெழுத்தெல்லாம் முதல் பத்துப் பக்கத்துக்குள்ளதானாம், கிழிச்ச அடையாளமே இல்லையாம். ஆனா அட்டையில எண்பது பக்கம்னு போட்டிருக்கு, எண்ணினா எழுபத்தாறுதான் வருதாம்."

"ஒரு தாளைக் கிழிச்சா ரெண்டு பக்கம்தானே குறையணும்?" என்றேன் நான். "நாலு எப்படிக் குறையும்? நோட்டு கம்பெனிக்காரனும் ஜூலியாவோட சேர்ந்துக்கிட்டானா?"

சார் சிரிக்கவில்லை. போட்டோவை இரண்டு விரலால் பெரிதாக்கி ஓரத்துக்குத் தள்ளினார்.

"இங்க ஏதோ மின்னுதே சுனிதா."

"இன்னா சார், நோட்டுன்னா பின் இருக்காதா?"

"இருக்கும்," என்றார். பிறகு க்ளெனைப் பார்த்தார். "இந்தப் பக்கத்தை நீங்களா புரட்டிப் பார்த்தீங்களா?"

"இல்ல சார். ரோஷெல்தான் திறந்து காட்டினா. அம்மா எழுதியிருக்காங்க, பாருங்கன்னு."

"ஜூலை இருபதும் ஞாயிறுதான். இதுல அது இல்லையே?"

"ஆமா, அன்னிக்குப் போனேன். ரொம்ப ஜாலியா இருந்தா. மசாலா தோசை ரெண்டு சாப்பிட்டா."

"ரெண்டு வாரம் வராம இருந்துட்டு அன்னிக்குப் போயிருக்கீங்க. ஜூலியா ஒண்ணுமே கேக்கலையா?"

"பேசக்கூடாதே சார். நோட்டை நீட்டினா. கையெழுத்துப் போட்டேன். வந்துட்டேன்."

ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை அன்றைக்கு அந்த வாசலில் பேசியிருந்தால் இந்த கேஸே கிடையாது. பன்னிரண்டாவது கண்டிஷனை எழுதின ஆள் மட்டும் என் கையில் கிடைக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் ஜூலியா வீட்டுக்குப் போனோம். சர்ச்சுக்கு இரண்டு தெரு தள்ளிக் கீழ்வீடு. ஜூலியா கையில் பரீட்சைத் தாள் கட்டு, காதோரத்தில் சிவப்புப் பேனா. ரோஷெல் கீபோர்டு கிளாஸுக்குப் போயிருந்தாள். க்ளென் பக்கத்திலிருந்து வருகிறோம் என்று சார் மறைக்காமல் சொன்னார். கதவைச் சாத்துவார் என்று நினைத்தேன். அவர் இரண்டு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"எனக்கு மறைக்க ஒண்ணும் இல்ல சார். அந்தச் சீட்டை நான் எழுதல. அவளுக்குக் கீபோர்டு சனிக்கிழமைதான், ஞாயித்துக்கிழமை கிடையவே கிடையாது."

"எழுத்து உங்க எழுத்து மாதிரியே இருக்கேம்மா."

"என் எழுத்தை வாரம் ரெண்டு தடவை அந்த நோட்டுல அவரும்தான் பார்த்துட்டு வர்றார். காப்பி அடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?" குரல் உடைந்தது. "நாலு வாரம் சார். கிளாஸ் விட்டு பதினோரு மணி வரைக்கும் நானும் அவளும் அந்த கேட்டுல நின்னோம். போன் பண்ணலாம்னு கை போகும். பண்ணாதீங்க, நோட்டுலயும் எழுதாதீங்க, நாலு ஆகட்டும்னு வக்கீல் சொன்னார். மஸ்கட் வேலையை ரெண்டு தடவை தள்ளி வச்சுட்டேன். இங்க வாங்கற சம்பளத்துல என்னால முடியல. அந்த மனுஷன் வந்திருந்தா நான் இதுக்குப் போயிருக்கவே மாட்டேன்."

நடிப்பு என்று எனக்குப் பட்டது. நன்றாக நடிக்கிறார் என்றும் பட்டது. டீச்சர்தானே, தினம் நாற்பது பேர் முன்னால் பழக்கம்.

சார் எழுந்தார். வாசலில் நின்று, சும்மா கேட்கிற மாதிரி கேட்டார். "ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். ஒருவேளை உங்க பொண்ணே எழுதியிருந்தா?"

ஜூலியாவின் முகம் வெளுத்துவிட்டது. "ரோஷெல் பொய் சொல்ல மாட்டா. இதுவரைக்கும் சொன்னதே இல்ல."

"ஒருவேளை."

"அப்படின்னா அவளுக்கு அவரைப் பார்க்கவே இஷ்டமில்லன்னுதானே அர்த்தம்? பத்து வயசுக் குழந்தை கள்ளக் கையெழுத்துப் போடற அளவுக்கு அவர்கிட்ட இன்னா நடந்துச்சுன்னு நான் கேப்பேன். ஜட்ஜ் அவளைத் தனியா கூப்பிட்டு விசாரிக்கட்டும்னு நானே சொல்லுவேன்."

வெளியே வந்ததும் நான் சாரைப் பிடித்துக்கொண்டேன். "இன்னா சார் கேள்வி அது? அந்தம்மா எழுதினதைக் கண்டுபிடிக்கச் சொன்னா, பிள்ளை மேல போடறீங்க."

"நாளைக்குப் பத்து மணிக்கு ஸ்கூட்டரை எடுத்துட்டு வா," என்றார்.

ஞாயிறு காலை பிசுபிசுவென்று தூறல். சர்ச் காம்பவுண்டில் இங்கிலீஷ் பூசைக்குப் போகிற கூட்டமும் தமிழ்ப் பூசை முடிந்து வருகிற கூட்டமும் ஒன்றுக்குள் ஒன்று முட்டிக்கொண்டிருந்தது. கேட் ஓரமாக ஒதுங்கி நின்றோம். ரோஷெல் வகுப்புக்குக் கேட்டகிசம் எடுக்கிற டோரீன் மிஸ்ஸிடம் சார் ஏற்கெனவே ஒரு கார்டு வாங்கி வைத்திருந்தார். வருஷம் முழுக்க எந்தெந்த ஞாயிறு கிளாஸ் உண்டு, எது லீவு என்று அச்சடித்து, ஜூனில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுக்கிற கார்டு.

"ஜூலை இருபதைப் பாரு," என்றார்.

பார்த்தேன். டீச்சர்களுக்கு டிரெய்னிங், கிளாஸ் லீவு.

"சரி சார், லீவு. அதனால?"

"க்ளென் வரக்கூடாதுன்னு ஜூலியா நினைச்சா, அஞ்சு வாரத்தையும் எழுத வேண்டியதுதானே. நடுவுல இருபதாம் தேதியை ஏன் விட்டாங்க? கிளாஸ் இல்லாத ஞாயிறு க்ளென் எங்கே போய்ப் பிள்ளையைக் கூட்டுவார்?"

ஒன்பதாவது கண்டிஷனின் கடைசி வரி எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. கிளாஸ் இல்லாத நாளில் வீட்டு வாசலிலேயே கூட்டிக்கொள்ளலாம் என்று அதில் இருந்தது.

"அந்தச் சீட்டை எழுதினவங்களுக்கு க்ளென் பிரச்சினையே இல்ல சுனிதா. இந்த கேட்டுதான் பிரச்சினை." சார் குடையைத் தாழ்த்தினார். "நீ ஸ்கூல்ல படிக்கும்போது, ஒரு பேப்பர் அவசரமா வேணும்னா நோட்டுல எங்கேருந்து எடுப்ப?"

"நடுப்பக்கத்துலேருந்து. ஓரத்துல கிழிச்சா மிஸ்ஸுக்குத் தெரிஞ்சுடும். நடுவுல பின்னைத் தூக்கிட்டு இழுத்தா அலுங்காம வந்துடும். ஒரே தாளு, ஆனா மடிச்சது, அதனால நாலு பக்கம்…"

பாதியில் என் வாய் நின்றுவிட்டது. போட்டோவின் ஓரத்தில் மின்னிய பின் நோட்டின் நடுவில்தான் தெரியும். அப்பாவும் அம்மாவும் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தது முதல் பத்துப் பக்கத்துக்குள். அம்மா எழுதுவதாக இருந்தால் அதற்கு அடுத்த பக்கத்திலேயே எழுதியிருப்பார். எழுதிக் காட்டிவிட்டுச் சத்தமில்லாமல் உருவ வேண்டியவர்கள்தான் நடுவுக்குப் போவார்கள். அந்த வித்தை பெரியவர்களுக்கு மறந்துபோயிருக்கும்.

"டீச்சரம்மா பொண்ணு," என்றார் சார். "அம்மா எழுத்தைப் பார்த்துப் பார்த்து எழுதப் பழகின பொண்ணு. நேத்து ஜூலியா சொன்னது அத்தனையும் உண்மை."

எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு பொம்பளை அழுததை நடிப்பு என்று நினைத்தேனே என்று வெட்கம்.

கிளாஸ் விட்டது. பிள்ளைகள் கத்திக்கொண்டு வெளியே வந்தார்கள். ஜூலியா குடையோடு கேட்டுக்கு ஒரு பக்கம், க்ளென் ஹெல்மெட்டோடு மறுபக்கம். ரோஷெல் நடுவில் வந்து நின்றாள். ஒல்லியான பெண், மூக்குக் கண்ணாடி, தோளில் பை. யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஜூலியா அவள் பையிலிருந்து புது நோட்டை எடுத்து, காம்பவுண்ட் சுவர்மேல் வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் எழுதினார். க்ளென் தன் கடிகாரத்தைப் பார்த்தார். அவர் கணக்கில் இரண்டு நிமிஷம் வித்தியாசம். அடித்துவிட்டுத் திருத்தி எழுதினார். ஜூலியா அதன் பக்கத்தில் இன்னொன்று எழுதினார். பேசாமலே சண்டை நடந்தது.

அந்த நேரத்தில் ரோஷெல் வகுப்புப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"ரோஷெல், ஓடிபி சொல்லு," என்றாள் ஒருத்தி, அடங்கின குரலில்.

"பார்சல் நனையுது, சீக்கிரம் சைன் பண்ணச் சொல்லு."

"டேமேஜ் இருந்தா ரிட்டர்ன் எடுத்துப்பாங்களா?"

எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பெற்றவர்கள் இரண்டு பேரும் நோட்டில் குனிந்திருந்தார்கள். ஒருத்தர் காதிலும் விழவில்லை. ரோஷெல் ஷூவால் ஒரு கல்லை உருட்டிக்கொண்டே நின்றாள். போய் அந்தப் பிள்ளைகள் காதைத் திருகலாமா என்று எனக்குக் கை பரபரத்தது. திருகி என்ன செய்ய?

கையெழுத்து முடிந்து ஜூலியா போய்விட்டார். சார் க்ளெனிடம் பேச்சுக் கொடுத்து அவரை பைக் நிறுத்துமிடத்துக்கு நடத்திக்கொண்டு போனார். போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்தார். புரிந்தது.

நான் ரோஷெல் பக்கத்தில் போய், குடையை அவள் பக்கம் சாய்த்தேன். "நான் உங்க அப்பாவுக்குத் தெரிஞ்சவ. சுனிதா."

தலையாட்டினாள்.

"ஸ்கூல்ல பேப்பர் வேணும்னா நான் நடுப்பக்கத்தைத்தான் உருவுவேன். நகத்தாலதான் பின்னைத் தூக்குவேன். நீ?"

கல்லை உருட்டுவதை நிறுத்தினாள். பிறகு மெதுவாக, "ஸ்கேலால தூக்கணும். நகத்தால தூக்கினா வலிக்கும்," என்றாள்.

"அந்தப் பேப்பர் எங்கடா கண்ணு?"

"கிழிச்சு வாசல் சாக்கடை மோரில போட்டுட்டேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அப்பாகிட்ட சொல்லிடுவீங்களா ஆன்ட்டி?"

"அப்பாவைப் பிடிக்காதா உனக்கு?"

"பிடிக்கும். கிளாஸ் இல்லாத வாரம் நான் எழுதவே இல்லையே. அன்னிக்கு வீட்டுக்கே வந்தாங்க." மறுபடி கல்லை உருட்டினாள். "நாலு வாரம் கையெழுத்துப் போடாம இருந்தா பசங்க மறந்துடுவாங்கன்னு நினைச்சேன். மறக்கல."

"அம்மாகிட்ட சொல்லியிருக்கலாமே, கேட் வேண்டாம்னு."

"சொன்னேன். அது அக்ரிமென்ட்ல இருக்கு, மாத்தணும்னா அப்பாவும் சைன் பண்ணணும்னாங்க. அப்பாகிட்ட சொன்னேன். அம்மா ஒத்துக்க மாட்டாங்கன்னாரு."

இரண்டு பேரிடமும் கேட்டிருக்கிறாள். இரண்டு பேரும் அடுத்தவரைக் கைகாட்டியிருக்கிறார்கள்.

"நாலு வாரம் ஆனா இப்படி ஆகும்னு அதுல எழுதியிருக்காமே ஆன்ட்டி. எனக்கு யாரும் படிச்சுக் காட்டல. அப்பா வர மாட்டேங்கறாரு, அதனாலதான் மஸ்கட் போறோம்னு அம்மா சொல்றாங்க." என் முகத்தைப் பார்த்தாள். "நான் எழுதினதாலயா?"

"இல்லடா," என்றேன். சொல்லும்போது வாய் கூசியது.

"அம்மாகிட்ட மட்டும் சொல்லாதீங்க. நான் பொய்யே சொல்ல மாட்டேன்னு அம்மா எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்காங்க."

க்ளென் பைக்கைக் கொண்டுவந்து நிறுத்தினார். அவள் பின்னால் ஏறி அவர் இடுப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். முதுகில் முகத்தை வைத்துக்கொண்டாள். வெறுக்கிறவள் இப்படியா உட்காருவாள் என்று கோர்ட்டிலிருந்து யாராவது வந்து பார்த்தால் தேவலை.

சாயங்காலம் ஆறரைக்கு, பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு க்ளென் எங்கள் ஆபீஸுக்கு வந்தார். சார் ஒன்று விடாமல் சொன்னார். தேதி, கார்டு, பின், பிள்ளைகளின் கிண்டல். கேட்டு முடித்ததும் க்ளென் ஹெல்மெட்டை மேஜை மேல் வைத்தார்.

"கேட் வேண்டாம்னு என்கிட்ட சொன்னா சார்," என்றார். "ரெண்டு தடவை சொன்னா. கையெழுத்தை விட்டுக் குடுத்தா மறுபடி லேட்டா கூட்டிட்டு வருவான்னு, நான்தான் காதுல போட்டுக்கல."

"இப்ப ரெண்டு வழி இருக்கு," என்றார் சார். குரலில் வழக்கமான தெம்பு இல்லை. "போட்டோவைச் செவ்வாய்க்கிழமை கோர்ட்ல குடுத்தா, எழுதினது யாருன்னு கேப்பாங்க. தாள் இல்ல. ரோஷெல் வாய்தான் சாட்சி. அவளைக் கூப்பிட்டு விசாரிப்பாங்க. நீங்க ஏமாத்தலைன்னு நிரூபணம் ஆகும். ஆனா அப்பாவைத் தவிர்க்கக் குழந்தை கள்ளக் கையெழுத்துப் போட்டுச்சுன்னு அதுவும் நிரூபணம் ஆகும். அந்தப் பக்கத்து வக்கீலுக்கு அது போதும்."

"குடுக்கலைன்னா?"

"நாலு ஞாயிறு நீங்க வரல. அது அப்படியே நிக்கும்."

"அப்ப ரெண்டுலயும் போச்சு," என்றேன் நான். கோபத்தில் என் குரல் கீழே கேக் கடைக்குக் கேட்டிருக்கும். "இதுக்கு நாம எதுக்கு சார் கண்டுபிடிச்சோம்? ஜூலியாகிட்டப் போய்ச் சொல்லலாம். கேட்டுல நடக்கறதை ஒரு நாள் கண்ணால பார்க்கச் சொல்லலாம். அந்தம்மா ஒண்ணும் ராட்சசி இல்ல."

"நேத்து கேட்டதே அதுக்குத்தான்," என்றார் சார். "என்ன பதில் வந்துச்சுன்னு நீயும் கேட்ட."

கேட்டேன். அவளுக்கு அவரைப் பார்க்கவே இஷ்டமில்லை என்றுதானே அர்த்தம் என்றார் ஜூலியா. அந்த இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். நானே நினைத்திருப்பேன்.

"ஜட்ஜ் ரூமுக்குள்ள ரோஷெல் தனியாதான் போவாளா?" என்று கேட்டார் க்ளென்.

"தனியாதான்."

"நீ ஏன் அம்மா மாதிரி கையெழுத்துப் போட்டேன்னு கேப்பாங்களா?"

சார் மேஜை மேல் இருந்த கார்டை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

க்ளென் போனை எடுத்து ராஜலக்ஷ்மி மேடத்துக்குப் போட்டார். ஸ்பீக்கரில் வைத்தார்.

"மேடம், அந்த போட்டோ வேண்டாம்."

"என்னங்க இது, நம்மகிட்ட இருக்கிறதே அது ஒண்ணுதான்."

"வேண்டாம் மேடம். நாலு வாரமும் நான்தான் போகலைன்னு எழுதிக் குடுத்துடுங்க. ரோஷெலை யாரும் எதுவும் கேக்க வேண்டியதில்லாம பண்ணிடுங்க."

"நீங்களே ஒத்துக்கிட்டா அவளைக் கூப்பிட மாட்டாங்க. ஆனா காரணம் எழுதணும். உடம்பு சரியில்லைன்னா டாக்டர் சர்டிஃபிகேட் வேணும். டியூட்டின்னா கம்பெனி லெட்டர் வேணும். எதைப் போடறது?"

க்ளென் யோசித்தார். நான் சாரைப் பார்த்தேன். சார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது சொல்லுங்க சார் என்று கத்த வேண்டும் போல இருந்தது.

"மறந்துட்டேன்னு போடுங்க," என்றார் க்ளென்.

"மிஸ்டர் க்ளென், இது ரெக்கார்டுல நிக்கும். பெத்த பொண்ணைப் பார்க்கப் போக மறந்துட்டேன்னு நீங்களே கையெழுத்துப் போட்டுக் குடுக்கறீங்க. நாளைக்கு அவ வளர்ந்து இதைப் படிச்சா?"

"படிக்கட்டும் மேடம். அது பொய்யின்னு அவளுக்குத் தெரியும்."

ராஜலக்ஷ்மி மேடத்துக்கு அது புரியவில்லை. ஆனாலும் எழுதிக்கொண்டார்.